ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க: ரெண்டு ஓஎஸ் லேப்டாப் பூட் ஆகலன்னா என்ன செய்யணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் காலில் இருந்து தொடங்குது.

போன ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தேவதானப்பட்டியில இருந்து எங்கண்ணன் மகள் கூப்பிட்டா. தமிழ் இலக்கியம் படிக்கிறா, கடைசி வருஷம்.

"அத்தை, லேப்டாப் போச்சு."

"போச்சுன்னா? ஆன் ஆகுதா இல்லையா?"

"ஆன் ஆகுது. ஆனா கறுப்பு ஸ்க்ரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல வந்து நிக்குது. கடையில காமிச்சேன். ஃபார்மேட் பண்ணிட்டு புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றோம், ஐந்நூறு ரூபா ஆகும்னாங்க. காலைல கொண்டு போய்க் குடுத்துரவா?"

"குடுக்காத பாப்பா. ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல ஒவ்வொரு வார்த்தையாப் படி."

படிச்சா. 'எரர்: நோ சச் பார்ட்டிஷன். என்டரிங் ரெஸ்க்யூ மோட். க்ரப் ரெஸ்க்யூ.' அதுக்கு அப்புறம் ஒரு கர்சர் மட்டும் மின்னிக்கிட்டு இருக்கு.

அந்த லேப்டாப்ல ஒன்பது மணி நேர ஆடியோ இருந்துச்சு. எங்க அம்மா, அதாவது அவளோட அப்பத்தா, பாடின நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ரெண்டு மாசமா சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து அவ போன்ல பதிவு பண்ணது. போன்ல இடம் பத்தலன்னு லேப்டாப்புக்கு மாத்திட்டு, போன்ல அழிச்சிருக்கா. அம்மாவுக்கு இப்ப நாலு வரி பாடினாலே மூச்சு வாங்குது. மறுபடி பாடுங்கன்னு கேக்க முடியாது.

"வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?"

"இல்லத்தை."

சரி. நான் ஏன் கடைக்குக் குடுக்காதன்னு அவ்வளவு வேகமா சொன்னேன்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

அது என்னோட பழைய லேப்டாப்

அவ கையில இருக்கிறது நான் பன்னெண்டாவது முடிக்கும்போது வாங்கின அரசு இலவச லேப்டாப். தமிழ்நாட்டுல அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல தொடங்குச்சு. எல்காட் நிறுவனம் வழியா வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் குடுத்தாங்க. உங்கள்ல நிறையப் பேர் வீட்டுலயும் ஒண்ணு பரண்ல கிடக்கும்.

அந்த லேப்டாப்ல பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருந்துச்சு. அதுல ரெண்டு ஓஎஸ். ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வெச்சு உருவாக்கினது. ஆன் பண்ணா ஒரு மெனு வரும், எது வேணும்னு கேக்கும். அதைத்தான் டூயல் பூட்னு சொல்றோம். அந்த வார்த்தையே தெரியாம நாங்க டூயல் பூட் பயன்படுத்தின தலைமுறை. எங்க வகுப்புல பாதிப் பேர் அந்த மெனுவைப் பாத்துட்டு, "இது என்னடா குறுக்க ஒண்ணு வருது"ன்னு கடையில குடுத்து லினக்ஸை எடுத்துட்டாங்க.

நான் எடுக்கல. ஆனா 2014-ல ஒரு நாள் என் லேப்டாப்பும் இதே மாதிரி கறுப்பு ஸ்க்ரீன்ல நின்னுச்சு. பஸ் ஏறிப் போய் ஒரு கடையில குடுத்தேன். சாயங்காலம் வாங்கிக்கோங்கன்னாங்க. வாங்கிட்டு வந்து திறந்து பாத்தா பளிச்சுன்னு புது விண்டோஸ். வேற ஒண்ணுமே இல்ல. அப்பா தோட்டத்துல மாங்கன்னுக்கு ஒட்டுக் கட்டுறதை நான் எடுத்த ஒரு வீடியோ அதுல இருந்துச்சு. நாலு நிமிஷம் வரும். எந்தக் கொப்பை எடுக்கணும், எங்க சீவணும்னு அவரே சொல்லிக்கிட்டே செய்வாரு. அடுத்த வருஷம் அப்பா தவறிட்டாரு. அவர் குரல் இருந்த ஒரே ஃபைல் அதுதான்.

கடைக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல. டேட்டா வேணுமான்னு அவர் கேக்கல, வேணும்னு நானும் சொல்லல. ஆனா அன்னைக்கு என் லேப்டாப்ல கெட்டுப் போனது வெறும் சில நூறு பைட் சமாச்சாரமா இருந்திருக்கலாம்ங்கிறது பல வருஷம் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது. அதைப் பத்தித்தான் இந்த எபிசோடு.

ஆன் பண்ணதும் உள்ள என்ன நடக்குது?

பவர் பட்டனை அழுத்தினதும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. மதர்போர்டுல இருக்கிற சின்ன மென்பொருள் முதல்ல எழுந்திரிக்கும். பழைய மெஷின்ல அது பயாஸ். அது ஹார்ட் டிஸ்க்கோட முதல் செக்டாரை மட்டும் படிக்கும். மொத்தம் 512 பைட். அதுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு, சுருக்கமா எம்பிஆர்னு பேர். 1983-ல ஐபிஎம் பிசிக்கு வந்த டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு.

அந்த 512-ல முதல் 446 பைட் ஒரு குட்டி ப்ரோக்ராம். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல். டிஸ்க்கை எப்படிப் பிரிச்சிருக்கோம், எந்தத் துண்டு எங்க தொடங்கி எங்க முடியுதுங்கிற கணக்கு. கடைசி ரெண்டு பைட் "இது செல்லுபடியாகும் செக்டார்"னு சொல்ற முத்திரை. அவ்வளவுதான். உங்க போட்டோ, பாட்டு, ப்ராஜெக்ட் எதுவும் இங்க கிடையாது.

லினக்ஸ் இருக்கிற டூயல் பூட் மெஷின்ல அந்த 446 பைட்ல இருக்கிறது பெரும்பாலும் க்ரப்ங்கிற பூட் லோடர். மெனு காட்டுறது, கர்னலை எடுத்துக் குடுக்கிறதுன்னு க்ரப் செய்யற வேலைக்கு 446 பைட் பத்தாது. அதனால அது மூணு துண்டா இருக்கும். முதல் துண்டு எம்பிஆர்ல. ரெண்டாவது துண்டு அதுக்குப் பக்கத்துல, முதல் பார்ட்டிஷன் தொடங்குறதுக்கு முன்னாடி இருக்கிற காலி இடத்துல. மெனுவும் மத்த ஃபைல்களும் இருக்கிற பெரிய துண்டு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள, பூட்ங்கிற ஃபோல்டர்ல.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. யாராவது லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சா என்ன ஆகும்? முதல் ரெண்டு துண்டு எழுந்திரிச்சு, மூணாவதைத் தேடிப் போகும். அது இல்ல. "அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை"ன்னு சொல்லிட்டு, ரெஸ்க்யூ மோடுல நின்னுரும். விண்டோஸ் பக்கத்துலயே முழுசா, நல்லா இருக்கும். ஆனா அதைக் கூப்பிட ஆள் இல்ல.

இதை நான் போன்ல சொன்னதும் அவ ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் மெதுவா, "அத்தை, நேத்து ஒண்ணு பண்ணேன்"னா. ஆடியோவுக்கு இடம் பத்தல. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்திருக்கா. பேரே இல்லாம பெருசா ஒரு பார்ட்டிஷன் இருந்திருக்கு. விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது, அதனால பேர் காட்டாது. சும்மாதானே கிடக்குன்னு டெலீட் குடுத்துட்டா.

"அழிச்ச இடத்துல புது ட்ரைவ் ஏதாச்சும் உருவாக்கினியா?"

"இல்லத்தை. அதுக்குள்ள கரன்ட் போயிருச்சு. பேட்டரி நிக்காதுல்ல, அப்படியே ஆஃப் ஆயிருச்சு. திரும்ப ஆன் பண்ணா இப்படி."

ஆடிக் காத்துல கரன்ட் போறதுக்கு ஊருல எல்லாரும் திட்டுவாங்க. அன்னைக்கு அது நல்லது பண்ணுச்சு. புது ட்ரைவ் உருவாக்கி ஃபார்மேட் பண்ணியிருந்தா கதை வேற.

எங்க ஊர்ல மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் இருக்கு. அங்க கருவறைக் கதவைத் திறக்கிறதே இல்ல. மூடின கதவுக்குத்தான் பூஜை. கதவு மூடியிருக்குன்னு உள்ள அம்மன் இல்லைன்னு ஊர்ல ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. அவகிட்ட அதைத்தான் சொன்னேன். "கதவுதான் அடைச்சிருக்கு. உள்ள இருக்கிறது இருக்கு. கடையில சொல்ற வைத்தியம் வீட்டையே இடிச்சுக் கட்டுறது."

போன்ல செஞ்ச வைத்தியம்

இனி படிப்படியாச் சொல்றேன். இந்த வரிசை முக்கியம்.

முதல்ல, நோய் என்னன்னு உறுதி பண்ணணும். க்ரப் ரெஸ்க்யூ ஸ்க்ரீன்ல 'எல்எஸ்'னு ரெண்டு எழுத்து அடிச்சு என்டர் தட்டினா, அதுக்குத் தெரியிற டிஸ்க்கும் பார்ட்டிஷனும் பட்டியலா வரும். அவ அடிச்சா. மூணு பார்ட்டிஷன் காட்டுச்சு. நான் வெச்சுட்டு வந்தது நாலு. ஆக, டிஸ்க் உயிரோட இருக்கு, ஒரு பார்ட்டிஷன் பட்டியல்ல இருந்து மட்டும் காணாமப் போயிருக்கு.

இந்த இடத்துல பலர் பயப்படுற ஒரு மெசேஜ் உண்டு. ஒரு பார்ட்டிஷனைத் திறந்து பாக்கச் சொன்னா 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்'னு வரும். அது சேதம் ஆகிருச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்த நிலையில க்ரப்புக்கு லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் மட்டும்தான் படிக்கத் தெரியும். விண்டோஸ் பார்ட்டிஷனைக் காட்டினா தெரியலன்னுதான் சொல்லும்.

சில சமயம் லினக்ஸ் பார்ட்டிஷன் அழிஞ்சிருக்காது, எண் மட்டும் மாறியிருக்கும். அப்ப அங்கேயே சரி பண்ணலாம். 'எல்எஸ்' வழியா பூட் ஃபோல்டர் எந்த பார்ட்டிஷன்ல இருக்குன்னு கண்டுபிடிச்சு, 'செட் ப்ரிஃபிக்ஸ்'ல அந்த முகவரியைக் குடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்', அடுத்து 'நார்மல்'னு அடிச்சா மெனு வந்துரும். எங்களுக்கு அது பொருந்தாது. எங்க கேஸ்ல பார்ட்டிஷனே பட்டியல்ல இல்ல.

அடுத்தது, வெளியில இருந்து பூட் பண்ண ஒரு பென்ட்ரைவ் வேணும். "வீட்டுல வேற கம்ப்யூட்டர் இல்லையே அத்தை"ன்னா. வேண்டாம், ஆண்ட்ராய்டு போன் போதும். எட்ச்ட்ராய்டுன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு. ஓடிஜி கேபிள்ல பென்ட்ரைவைப் போன்ல மாட்டி, டவுன்லோடு பண்ண ஐஎஸ்ஓ ஃபைலை அது மேல எழுதலாம். போனை ரூட் பண்ணத் தேவையில்ல. பென்ட்ரைவ்ல ஏற்கெனவே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுநாள் மொபைல் கடையில ஓடிஜி வாங்கி, சிஸ்டம்ரெஸ்க்யூங்கிற லினக்ஸை எழுதினா. மீட்பு வேலைக்குன்னே செஞ்சது, பழைய லேப்டாப்லயும் ஓடும்.

லேப்டாப்பை ஆன் பண்ணும்போது பூட் மெனு சாவியை அழுத்தணும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எஃப்12, எஃப்9, எஸ்கேப், இதுல ஒண்ணா இருக்கும். அவளுக்கு மூணாவது தடவைதான் சிக்குச்சு.

உள்ள போனதும் அவளுக்கு ரிப்பேர் பண்ணத்தான் அவசரம். நான் சொன்னேன்: "இப்ப ரிப்பேர் கிடையாது. மொதல்ல காப்பி." லைவ் லினக்ஸ்ல விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தா அப்பத்தாவோட ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு. தோழிகிட்ட வாங்கின இன்னொரு பென்ட்ரைவ்ல காப்பி போட்டா. பாதியில கரன்ட் போயிருச்சு. திரும்ப முதல்ல இருந்து. ரெண்டாவது தடவை முடிஞ்சதும், ரெண்டு மூணு ஃபைலை ஓட்டிப் பாக்கச் சொன்னேன். போன் வழியா எங்கம்மா குரல் கேட்டுச்சு. அதுக்கு மேல அந்த லேப்டாப் என்ன ஆனாலும் எனக்குக் கவலை இல்ல.

இதுதான் இந்த எபிசோடுலயே முக்கியமான விதி. எந்த ரிப்பேருக்கும் முன்னாடி காப்பி. பூட் ஆகாத லேப்டாப்ல இருந்து ஃபைலை எடுக்க முடியும். அது பூட் ஆகணும்னு அவசியமே இல்ல.

காப்பி முடிஞ்சதும் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் க்ரெனியேங்கிற ஃப்ரெஞ்சு ப்ரோக்ராமர் உருவாக்கின இலவசக் கருவி. சிஸ்டம்ரெஸ்க்யூவுல ஏற்கெனவே இருக்கும். பார்ட்டிஷனை டெலீட் பண்ணும்போது விண்டோஸ் அந்த இடத்தைக் கழுவித் துடைக்கிறது இல்ல. பட்டியல்ல இருந்து பேரை அடிக்கிறது, அவ்வளவுதான். ரேஷன் கார்டுல பேர் நீக்கினா ஆள் காணாமப் போயிர மாட்டார்ல, அப்படி. டெஸ்ட்டிஸ்க் டிஸ்க் முழுக்கத் தேடி, "இங்க ஒரு லினக்ஸ் பார்ட்டிஷன் தொடங்குற அடையாளம் இருக்கே"ன்னு கண்டுபிடிக்கும்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அட்டவணை வகை 'இன்டெல்'னு குடுத்து, 'அனலைஸ்', அப்புறம் 'க்விக் சர்ச்'. காணாமப் போன பார்ட்டிஷன் பட்டியல்ல வந்துச்சு. அதுல நின்னு 'பி' எழுத்தை அழுத்தினா உள்ள இருக்கிற ஃபைல்களைக் காட்டும். காட்டுச்சு. அப்படிப் பாத்து உறுதி ஆன பிறகுதான் 'ரைட்' குடுக்கணும். ஏன்னா அதுவரைக்கும் டெஸ்ட்டிஸ்க் டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் செய்யுது. 'ரைட்' குடுக்கும்போதுதான் எழுதுது.

குடுத்தா. ரீஸ்டார்ட். மெனு வந்துச்சு. லினக்ஸ், விண்டோஸ் ரெண்டும். க்ரப்பைத் திரும்பப் போடக்கூட வேண்டி வரல. அதோட மூணாவது துண்டு பழைய இடத்துல பழையபடி கிடைச்சிருச்சு.

உங்க கேஸ்ல லினக்ஸ் இனி வேண்டவே வேண்டாம், விண்டோஸ் வந்தாப் போதும்னா அதுக்கும் ஃபார்மேட் தேவையில்ல. பழைய பயாஸ் மெஷினா இருந்தா விண்டோஸ் இன்ஸ்டால் பென்ட்ரைவ்ல பூட் பண்ணி, ரிப்பேர் பகுதிக்குள்ள கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, 'பூட்ரெக்', ஸ்பேஸ், ஸ்லாஷ் 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. அது அந்தக் குட்டி ப்ரோக்ராமை மட்டும் மாத்தி எழுதும். பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாது.

புது லேப்டாப்பா? அப்ப கதவு வேற

நீங்க கேக்கலாம்: "அக்கா, இது பழைய லேப்டாப் கதை. என்னோடது ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கினது." சரி. 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து விக்கிற லேப்டாப்கள்ல பெரும்பாலும் பயாஸுக்குப் பதிலா யூஇஎஃப்ஐ. அங்க எம்பிஆர் கணக்கு கிடையாது. டிஸ்க்ல சின்னதா ஒரு தனி பார்ட்டிஷன் இருக்கும். அதுக்குள்ள ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு ஃபோல்டர். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒண்ணு, உபுண்டுவுக்கு ஒண்ணு. எதை முதல்ல எழுப்பணும்ங்கிற வரிசை மதர்போர்டோட நினைவகத்துல இருக்கும். ரெண்டு பூட் லோடரும் தனித்தனியா இருக்கிறதால ஒண்ணு இன்னொண்ணை அழிக்கிறது ரொம்பக் குறைவு. பிரச்சினை வந்தா பெரும்பாலும் வரிசையில இல்லாட்டி நம்பிக்கையில. அறிகுறியை வெச்சே பாத்துருவோம்.

மெனு வராம நேரா விண்டோஸ் போகுதா? வரிசை மாறியிருக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ பயாஸ் ரீசெட்டுக்குப் பிறகோ இது நடக்கும். ஆன் பண்ணும்போது எஃப்2 இல்லாட்டி டெலீட் அழுத்தி உள்ள போய், பூட் ஆர்டர்ல உங்க லினக்ஸ் பேரை மேல கொண்டு வாங்க. ஒரு நிமிஷ வேலை. இதுக்காக லினக்ஸைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணவங்களை எனக்குத் தெரியும்.

மெனு வருது, அதுல விண்டோஸைக் காணோமா? விண்டோஸ் எங்கயும் போகல. 2021-ல வந்த க்ரப் 2.06-ல இருந்து, மத்த ஓஎஸ்ஸைத் தேடுற 'ஓஎஸ் ப்ரோபர்'ங்கிற வசதியைப் பாதுகாப்புக்காக இயல்பா அணைச்சு வெச்சிருக்காங்க. க்ரப்போட செட்டிங்ஸ் ஃபைல்ல 'டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர்'ங்கிற வரியை 'ஃபால்ஸ்'னு மாத்தி, 'சுடோ அப்டேட்-க்ரப்' ஓட்டினா விண்டோஸ் பட்டியல்ல வந்துரும்.

'ரெஸ்க்யூ'ங்கிற வார்த்தை இல்லாம வெறும் 'க்ரப்'னு வந்து நிக்குதா? க்ரப் நல்லா எழுந்திரிச்சிருச்சு, மெனு ஃபைல் மட்டும் கிடைக்கல. அங்க 'எக்ஸிட்' அடிச்சா பல மெஷின்ல வரிசையில அடுத்து இருக்கிற விண்டோஸுக்குப் போயிரும். லினக்ஸை மீட்க லினக்ஸ் மின்ட் பென்ட்ரைவ்ல பூட் பண்ணுங்க. அதுல 'பூட் ரிப்பேர்'னு ஒரு கருவி ஏற்கெனவே இருக்கு. ரெண்டு க்ளிக்ல க்ரப்பைத் திரும்பப் போட்டுரும்.

'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்'னு சொல்லிட்டு ஆஃப் ஆகுதா? இதுக்குப் பின்னாடி ஒரு உலகச் செய்தியே இருக்கு. 2024 ஆகஸ்ட் 13-ல மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டாங்க. க்ரப்ல 2022-ல கண்டுபிடிச்ச ஒரு ஓட்டையை அடைக்கிறதுக்காக, பழைய பூட் லோடர்களை இனி நம்பாதன்னு மதர்போர்டுல எழுதி வைக்கிற அப்டேட். டூயல் பூட் மெஷினுக்கு இது போகாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஆனா சில மெஷின்கள்ல லினக்ஸ் இருக்கிறதை அது கண்டுபிடிக்கல. உலகம் முழுக்கப் பலருக்கு மறுநாள் லினக்ஸ் வரல. 2025 மே மாச அப்டேட்லதான் முழுசா சரி பண்ணாங்க. அதுவரைக்கும் வழி என்னன்னா, செக்யூர் பூட்டைத் தற்காலிகமா அணைச்சு, லினக்ஸுக்குள்ள போய், 'மோக்யூட்டில்' கமாண்ட்ல எஸ்பேட் பாலிசியை அழிச்சு, லினக்ஸை அப்டேட் பண்ணிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுறது. இங்கயும் பாருங்க, ஒருத்தரோட ஃபைலும் போகல. உள்ள விட ஆள் மறுத்துச்சு, அவ்வளவுதான்.

2011-ல குடுத்த செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன்ல இருந்து காலாவதியாகத் தொடங்குது. அதனால விண்டோஸ், லினக்ஸ், பயாஸ் மூணையும் அப்டேட்டா வெச்சுக்கோங்க.

செக்யூர் பூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. உங்க விண்டோஸ்ல பிட்லாக்கர் இருக்கலாம். நீங்க போடாமலே இருக்கலாம். விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்பைப் புதுசா இன்ஸ்டால் பண்ணா டிஸ்க் என்க்ரிப்ஷன் பல மெஷின்ல தானாவே வந்துரும். பூட் செட்டிங்ஸ் மாறினதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அந்தக் கீ இல்லன்னா டேட்டா உண்மையாவே கிடைக்காது. இன்னைக்கு நான் சொன்ன எல்லாத்துலயும் கதவைத் திறக்கலாம்னேன். இந்த ஒண்ணுல முடியாது. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்தக் கீ இருக்கான்னு இப்பவே பாத்து, ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க.

எப்ப கையை எடுக்கணும்?

டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு சத்தம் வந்தாலோ, பயாஸ்ல டிஸ்க்கோட பேரே வரலன்னாலோ அது பூட் லோடர் பிரச்சினை கிடையாது. டிஸ்க்கே சாகுது. திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க.

ஏற்கெனவே ஃபார்மேட் பண்ணிட்டாங்களா? அந்த டிஸ்க்ல புதுசா எதையும் எழுதாதீங்க. டெஸ்ட்டிஸ்க்கோட சேர்ந்தே ஃபோட்டோரெக்னு ஒண்ணு வரும். மேல வேற எதுவும் எழுதப்படாத இடத்துல இருந்து படம், ஆடியோ, வீடியோவை அது தேடி எடுக்கும், ஃபைல் பேர் மட்டும் மாறிப் போயிருக்கும். 2014-ல எனக்கு இது தெரியாது. புது விண்டோஸ் போட்ட அன்னைக்கு ராத்திரியே நாலு சினிமா காப்பி பண்ணேன். அப்பாவோட வீடியோ இருந்த இடத்துல அதுல எது போய் உக்காந்துச்சோ.

கடைக்குக் குடுக்கிறதும் தப்பு இல்ல. எல்லாருக்கும் இதையெல்லாம் செய்ய நேரம் இருக்காது. குடுக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லுங்க: "டேட்டா வேணும், பூட் லோடரை மட்டும் சரி பண்ணுங்க." முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா வாங்கிட்டு வந்துருங்க.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான ஆதரவு முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்ல பக்கத்துல ஒரு லினக்ஸ் போட்டுப் பாக்கலாம்னு நிறையப் பேர் மெயில் பண்றீங்க. போடுங்க, நல்லது. ஆனா போடுறதுக்கு முந்தின நாள் முக்கியமான ஃபைல்களை வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க. ஒரு லைவ் பென்ட்ரைவ் செஞ்சு மேசை ட்ராயர்ல போட்டு வைங்க. பேர் தெரியாத பார்ட்டிஷனைப் பாத்தா அழிக்காதீங்க.

எங்கண்ணன் மகள் ப்ராஜெக்ட்டைக் குறிச்ச தேதிக்குள்ள குடுத்துட்டா. ஆடியோ இப்ப மூணு இடத்துல இருக்கு: அந்த லேப்டாப்ல, ஒரு பென்ட்ரைவ்ல, சென்னையில என்கிட்ட. பென்ட்ரைவை மதினி பீரோவுல நகை டப்பாவுக்குள்ள வெச்சிருக்காங்களாம்.

உங்க லேப்டாப்ல அப்படி ஒரே ஒரு காப்பி மட்டும் இருக்கிற ஃபைல் எது? யோசிங்க. எபிசோடை நிறுத்திட்டு அதை இன்னொரு இடத்துல காப்பி போட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் பாப்போம். வணக்கம்.